எலும்பைக் கரைக்கும் செல்லுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது?

திருமணமாகி வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு வந்து பத்தாண்டுகள் ஆன ஒரு பெண்ணின் உடலில் இன்றுள்ள எலும்பில் பெரும் பங்கு, அவர் தண்டையார்பேட்டைக்கு வந்த பிறகு உருவானது. வளர்ச்சி முடிந்த மனித உடல், ஆண்டுதோறும் தன் எலும்பில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கைக் கரைத்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. நுண்துளைகள் நிறைந்த முதுகெலும்பின் உட்பகுதியில் இந்த மாற்றம் வேகமாகவும், தொடை எலும்பின் கெட்டியான புறச்சுவரில் மெதுவாகவும் நடக்கிறது. அன்றாடம் நடப்பதாலும் சுமை தூக்குவதாலும் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல்களைச் சரிசெய்வதற்கு இது தேவை. ரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறைந்துவிடாமல் காப்பதற்கும் தேவை. உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருந்தால்தான் இதயமும் நரம்புகளும் தசைகளும் ஒழுங்காக இயங்கும் என்பதால், உணவில் கால்சியம் போதாத நாட்களில் உடல் எலும்பைக் கரைத்தே அந்த அளவைக் காப்பாற்றுகிறது.

இந்த வேலையில் மூன்று வகைச் செல்கள் பங்கேற்கின்றன. எலும்பைக் கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட்; புதிய எலும்பைக் கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட்; கட்டி முடித்த எலும்புக்குள்ளேயே தங்கிவிட்ட முன்னாள் ஆஸ்டியோபிளாஸ்டுகளுக்கு ஆஸ்டியோசைட் என்று பெயர். இந்தப் பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிப்பதால், புதிதாகப் படிக்கும் மாணவர்கள் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் அவற்றை முறையே கரைப்புச் செல், கட்டுமானச் செல், பதிந்த செல் என்றே எழுதுகிறேன்.

கரைப்புச் செல்லைப் பற்றி முதலில் அறிய வேண்டியது அதன் பிறப்பு. கட்டுமானச் செல் எலும்பின் சொந்தக் குடும்பத்தில் பிறப்பது. கரைப்புச் செல்லோ எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்த வெள்ளணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்லும் இதுவும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. இதற்கு மனித உடலிலேயே சான்று கிடைத்தது. கரைப்புச் செல்கள் இல்லாமலோ, இருந்தும் வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தைகளுக்கு எலும்பு அளவு கடந்து கெட்டியாகி, மஜ்ஜைக்கு இடமில்லாமல் போய், கண்ணுக்கும் காதுக்கும் செல்லும் நரம்புகள் நசுங்கும். பளிங்கு எலும்பு நோய் என்று இதைக் குறிப்பிடுவார்கள். இந்நோய் கண்ட ஒரு குழந்தைக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து, நன்கொடையாளரின் ரத்த வழிச் செல்களிலிருந்து கரைப்புச் செல்கள் உருவாகி எலும்பைக் கரைக்கத் தொடங்கியதை 1980-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எலும்பு கரைவது கேடு, கட்டப்படுவது நன்மை என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதையும் அந்தக் குழந்தைகளின் துன்பமே காட்டுகிறது.

நான் இங்கே சொல்ல விரும்பும் செய்தி ஒன்றுதான். கரைப்புச் செல் தானாக எதையும் தொடங்குவதில்லை. பிறப்பதற்கும், முதிர்வதற்கும், எலும்பில் ஒட்டிக்கொள்வதற்கும், அமிலம் சுரப்பதற்கும், உயிரோடு இருப்பதற்கும்கூட அதற்கு வெளியிலிருந்து உத்தரவு வந்தாக வேண்டும். அந்த உத்தரவைத் தருவதில் முதன்மையான இடம், எலும்பைக் கட்டும் குடும்பத்துச் செல்களுக்கே உரியது. மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்பு அடர்த்திக் குறைவு, முடக்குவாதத்தில் விரல் மூட்டெலும்பு அரிக்கப்படுவது, ஈறு நோயில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுவது, மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது ஆகியவை நமக்குத் தொடர்பில்லாத நோய்களாகத் தோன்றினாலும், எலும்பைப் பொறுத்தவரை இவை அனைத்தும் இந்த ஒரே உத்தரவு வழியில் நிகழும் மாற்றங்கள்.

இந்த உண்மையை அறிவியல் உலகம் சுற்றி வந்துதான் கண்டடைந்தது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் எலும்பைக் கரைத்து ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்த ஹார்மோனை ஏற்கும் புரதம் கரைப்புச் செல்லின் மீதுதான் இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தேடியபோது அது கட்டுமானச் செல்லின் மீது இருந்தது. கரைக்கச் சொல்லும் ஹார்மோன் கட்டும் செல்லிடம் ஏன் பேச வேண்டும்? கட்டுமானச் செல் அந்தச் செய்தியைப் பெற்று, கரைப்புச் செல்லுக்கு வேறொரு வடிவில் தெரிவிக்கிறது என்ற கருதுகோளை 1981-இல் ரோடான், மார்ட்டின் என்ற இரு எலும்பு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அந்த நாளில் இது துணிச்சலான எண்ணம். எலும்பு உயிரியலில் இதற்கு இணையான அழகுள்ள ஊகம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1980-களின் இறுதியில், தோக்கியோவில் சுதா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழுவினர் மஜ்ஜைச் செல்களையும் கட்டுமானக் குடும்பத்துச் செல்களையும் ஒரே கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்து, வைட்டமின் டி-யின் செயல்படு வடிவமும் சேர்ந்தபோது கரைப்புச் செல்கள் உருவாயின. செல்கள் தொடாதபடி நடுவில் ஒரு மெல்லிய தடுப்பை வைத்தால் உருவாகவில்லை. ஆகவே, அந்தச் செய்தி கட்டுமானச் செல்லின் மேற்பரப்பிலேயே பதிந்திருக்கும் ஏதோ ஒரு மூலக்கூறு என்பது தெளிவாயிற்று. ஆனால் அதைப் பிடிக்க மேலும் பத்தாண்டு ஆனது. முதலில் கையில் சிக்கியது அதன் எதிரி.

1997-இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே இயங்கிய குழுக்கள், கரைப்புச் செல் உருவாவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தன. ஆஸ்டியோப்ரோடெஜெரின் என்ற அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஓபிஜி என்பார்கள். இதை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு எலும்பு மிகவும் கெட்டியாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளின் எலும்பு இளமையிலேயே நொறுங்கும் நிலைக்கு மெலிந்தது. ஓபிஜி எதனுடன் போய் ஒட்டிக்கொள்கிறது என்று தேடியபோது, 1998-இல் அந்த உத்தரவு மூலக்கூறே கிடைத்தது. அதன் பெயர் ராங்க்-எல். நோய் எதிர்ப்புச் செல்களை ஆராய்ந்தவர்கள் அதற்கு முந்தைய ஆண்டே இதே மூலக்கூறை வேறு சூழலில் கண்டு பெயரிட்டிருந்தார்கள். எலும்பை ஆராய்ந்தவர்கள் தேடிய பொருளும் அதுவும் ஒன்றே என்பது இப்போது தெரிந்தது. கரைப்புச் செல்லின் முன்னோடிச் செல் மீது அமர்ந்து ராங்க்-எல்லை ஏற்கும் புரதம் ராங்க். ராங்க்-எல் இல்லாமல் பிறந்த எலிகளில் கரைப்புச் செல் ஒன்றுகூட இல்லை. தாடை எலும்பு கரைந்து வழிவிடாததால் அவற்றின் பற்களும் வெளியே முளைக்கவில்லை.

இந்த மூன்று பெயர்களையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். ராங்க்-எல் என்பது உத்தரவு. ராங்க் என்பது அந்த உத்தரவை ஏற்கும் ஏற்பி. ஓபிஜி என்பது ராங்க் போலவே உருவம் கொண்டு, எந்தச் செல்லிலும் பதியாமல் திரவத்தில் உலவும் போலி ஏற்பி. அது ராங்க்-எல்லை வழியிலேயே பற்றிக்கொள்வதால் உத்தரவு உரிய இடம் சேராது. ராங்க்-எல்லையும் ஓபிஜியையும் சுரப்பது ஒரே கட்டுமானக் குடும்பம். ஆகவே, ஓர் இடத்தில் எலும்பு எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது இவற்றில் ஒன்றின் அளவு மட்டுமன்று. ஒன்றுக்கு மற்றொன்று எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. 2011-இல் வெளிவந்த எலி ஆய்வுகள், முதிர்ந்த எலும்பில் ராங்க்-எல்லின் முக்கிய ஊற்று எலும்புக்குள் புதைந்துள்ள பதிந்த செல்களே என்று காட்டின. எலும்பிலுள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். எங்கே விரிசல் விழுந்திருக்கிறது, எங்கே பளு குறைந்திருக்கிறது என்பதை உள்ளிருந்து உணரக்கூடியவையும் இவையே. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களின் எலும்பு ஏன் மெலிகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

ராங்க்-எல்லுக்கு முன்பே வேறொரு தூண்டலும் வந்திருக்க வேண்டும். எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி, முன்னோடிச் செல் உயிர் பிழைத்திருக்கவும் எண்ணிக்கையில் பெருகவும், தன் மீது ராங்க் ஏற்பியை உருவாக்கிக்கொள்ளவும் உதவுகிறது. பளிங்கு எலும்பு கொண்ட ஒரு வகை எலிகளில் இந்தக் காரணியே பழுதுபட்டிருப்பதை 1990-இல் கண்டறிந்தார்கள். எம்-சிஎஸ்எஃப் செல்லைத் தயார் செய்கிறது. ராங்க்-எல் அதன் தொழிலை முடிவு செய்கிறது. ஆய்வகத்தில் எலியின் மஜ்ஜைச் செல்களுக்கு இவ்விரண்டை மட்டும் கொடுத்தால், நான்கைந்து நாட்களில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய கரைப்புச் செல்களைத் தட்டில் காணலாம்.

இனி, செல்லின் மேற்பரப்பில் வந்து ஒட்டிய ராங்க்-எல், உள்ளே பொத்தி வைக்கப்பட்டிருக்கும் மரபணுக்களை எப்படி இயக்குகிறது என்று பார்ப்போம். ராங்க்-எல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அது ஒட்டியதும் ராங்க் ஏற்பிகள் மூன்று ஒன்றுசேர்கின்றன. செல்லின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் வால்களும் நெருங்குகின்றன. ராங்குக்கு நொதியாகச் செயல்படும் ஆற்றல் கிடையாது என்பதால், அந்த வால்களில் டிராஃப்-6 என்ற இணைப்புப் புரதம் வந்து பொருந்துகிறது. அதன்மேல் வேறு புரதங்கள் கூடுகின்றன. ஒரு நொதி அடுத்ததன் மீது பாஸ்பேட் தொகுதியைச் சேர்க்க, அது இன்னொன்றை இயக்க, செய்தி படிப்படியாக உட்கருவை நோக்கிச் செல்கிறது. இந்தத் தொடர்ச்சியைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம்.

டிராஃப்-6-இலிருந்து பாதை பல கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று என்எஃப்-கப்பா பி. இந்தப் புரதம் எப்போதும் செல்லில் இருக்கிறது. ஆனால் ஒரு தடுப்புப் புரதம் அதைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் தடுப்புப் புரதம் பாஸ்பேட் ஏற்று அழிக்கப்பட, விடுபட்ட என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. இன்னொரு கிளை சி-ஃபாஸ் என்ற புரதத்தைப் பெருகச் செய்கிறது. சி-ஃபாஸ் இல்லாத எலிகளில் நடப்பது வியப்பானது: முன்னோடிச் செல்கள் சாவதில்லை, கரைப்புச் செல்களாகவும் ஆவதில்லை, அவை மேக்ரோஃபேஜ்களாகின்றன. ஒரே முன்னோடி எந்தத் தொழிலுக்குப் போவது என்ற பிரிவுப் புள்ளியில் சி-ஃபாஸ் நிற்கிறது.

என்எஃப்-கப்பா பி-யும் சி-ஃபாஸும் சேர்ந்து சென்றடைவது என்ஃபாட்-சி1 என்ற புரதத்தை. கரைப்புச் செல்லாக மாறும் முழு வேலைத்திட்டத்தையும் நடத்தும் தலைமைப் புரதம் இதுவே என்று 2002-இல் ஜப்பானின் தகயனகி குழுவினர் காட்டினார்கள். ராங்க்-எல் இல்லாமலேயே, முன்னோடிச் செல்லுக்குள் என்ஃபாட்-சி1-ஐ மிகையாக உருவாக்கினால் அது கரைப்புச் செல்லாகிவிட்டது. அவ்வளவு ஆற்றல் வாய்ந்த புரதத்தை உடல் எளிதில் இயங்க விடுமா? விடுவதில்லை. உட்கருவுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்தில் பாஸ்பேட் தொகுதிகளைச் சுமந்தபடி அது முடங்கிக் கிடக்கிறது. கால்சினியூரின் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டுகளை நீக்கினால்தான் உட்கருவுக்குள் போக முடியும். கால்சினியூரின் இயங்க வேண்டுமென்றால், செல்லுக்குள் கால்சியத்தின் அளவு விட்டுவிட்டு ஏறி இறங்க வேண்டும்.

அந்தக் கால்சிய ஏற்ற இறக்கத்துக்கு ராங்க் மட்டும் போதாது; இரண்டாவதாக ஒரு சமிக்ஞை தேவைப்படுகிறது. டாப்-12, எஃப்சி-ஆர்-காமா என்ற இரண்டு துணைப் புரதங்கள், செல்லின் மேற்பரப்பில் வேறு சில ஏற்பிகளோடு இணைந்து நிற்கின்றன. அவற்றில் பாஸ்பேட் சேர்ந்ததும் சிக் என்ற நொதி வந்து ஒட்ட, அதைத் தொடர்ந்து பிஎல்சி-காமா என்ற இன்னொரு நொதி இயங்கி, செல்லின் உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. சென்னைத் துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரியை உள்ளே விட ஓட்டுநருக்கான அனுமதிச் சீட்டும் சரக்குக்கான ஆவணமும் சேர்ந்தே வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் லாரி சாலையிலேயே நிற்கும். ராங்க் தரும் சமிக்ஞையும் இந்தத் துணைச் சமிக்ஞையும் அப்படித்தான் சேர்ந்தே வர வேண்டும். இந்த இரண்டு துணைப் புரதங்களும் இல்லாத எலிகளுக்கு, ராங்க்-எல் தாராளமாக இருந்தும் எலும்பு கெட்டியாகிப் போனதை 2004-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டும் பொருந்தி என்ஃபாட்-சி1 உட்கருவுக்குள் நுழைந்ததும், அது முதலில் இயக்கும் மரபணுக்களில் ஒன்று அதன் சொந்த மரபணு. தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதால், குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய செல் பின்வாங்குவதில்லை. பிறகு, செல்கள் ஒன்றோடொன்று இணைவதற்கான புரதம், அமிலம் சுரக்கும் பம்பு, எலும்பின் புரதத்தைச் செரிக்கும் நொதி என்று தேவையானவற்றின் மரபணுக்களை எல்லாம் அது இயக்குகிறது.

தடுப்புகளும் கூடவே இருக்கின்றன. ஐஆர்எஃப்-8, மாஃப்-பி ஆகிய புரதங்கள் இந்த மரபணுக்களை மூடி வைக்க முயல்கின்றன; என்ஃபாட்-சி1 வேறொரு புரதத்தைக் கொண்டு அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சி-ஃபாஸ் பெருகும்போது அதுவே இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற புரதத்தைச் சுரக்க வைக்க, அந்த இன்டர்ஃபெரான் திரும்பி வந்து சி-ஃபாஸின் அளவைக் குறைக்கிறது. நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா, டிராஃப்-6-ஐயே அழித்துவிடுகிறது. பாதையின் ஒவ்வொரு படியிலும் தூண்டலுக்கு எதிரே ஒரு தடை வைத்திருக்கும் இந்த அமைப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதில்லை. எலும்பைக் கரைப்பதில் உடல் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதிர்ந்த செல் எலும்பைக் கரைக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல முன்னோடிச் செல்கள் ஒன்றாக இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகின்றன. அது இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதத்தால் எலும்பைப் பற்றி, விளிம்பைச் சுற்றிலும் வளையமாக இறுக்கி ஒட்டிக்கொள்வதால், செல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மூடிய இடம் உருவாகிறது. அந்த இடத்தை நோக்கிய செல்லின் சவ்வு, மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப் பரப்பை அதிகரித்துக்கொள்கிறது. இதற்கும் ஒரு சமிக்ஞை வேண்டும்: சார்க் என்ற நொதி நீக்கப்பட்ட எலிகளில் கரைப்புச் செல்கள் இருந்தும், மடிப்புகள் உருவாகாததால் அவற்றால் எலும்பைக் கரைக்க முடியவில்லை என்று 1992-இல் தெரிந்தது. மடிப்புகளின் வழியே ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும் வெளியேற, மூடிய இடத்தில் அமிலத்தன்மை கூடி, பிஎச் 4.5 அளவுக்கு இறங்கி எலும்பின் தாது உப்பு கரைகிறது. மிஞ்சும் கொலாஜன் புரதத்தைக் கதெப்சின்-கே என்ற நொதி துண்டாக்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் ஒரு பள்ளம் முடிகிறது. அதை நிரப்பக் கட்டுமானச் செல்களுக்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. இந்தக் கால வேறுபாடு முக்கியமானது: கரைப்பு பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால், கட்டுமானம் எட்டிப் பிடிக்கவே முடியாது.

இப்போது ஹார்மோன்களுக்குத் திரும்புவோம். உணவில் கால்சியம் குறைந்து ரத்த அளவு இறங்கினால் பாராதைராய்டு ஹார்மோன் உயர்கிறது. அது கட்டுமானக் குடும்பத்துச் செல்களில் ராங்க்-எல்லைக் கூட்டி ஓபிஜியைக் குறைக்கிறது. எலும்பு கரைந்து ரத்தத்துக்குக் கால்சியம் கிடைக்கிறது. ஆகவே, போதிய கால்சியம் உண்பவரின் உடல், எலும்பைக் கரைக்கும்படி உத்தரவிட வேண்டிய தேவை குறைகிறது. வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் இதில் மிகச் சிறு பங்கே உண்டு. ஆடி மாதத்தில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழையும், காசிமேட்டிலிருந்து வரும், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலிக் கருவாட்டையும் ஆண்டு முழுவதும் உண்ணும் வழக்கம் குறைந்து வருவது எனக்குக் கவலை தருகிறது. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பச்சை நெத்திலியைக் குழம்பு வைத்து உண்பதே நல்லது.

வைட்டமின் டி-யின் நிலை சற்றுச் சிக்கலானது. ஆய்வகத் தட்டில் அது ராங்க்-எல்லைக் கூட்டி எலும்பைக் கரைக்கத் தூண்டியதை மேலே கண்டோம். உடலிலோ அது குடலில் கால்சியம் உறிஞ்சப்பட உதவுவதால், பாராதைராய்டு ஹார்மோன் உயர வேண்டிய தேவை இல்லாமல் போய், மொத்தத்தில் எலும்பைக் காக்கிறது. வெயில் கொளுத்தும் வடசென்னையில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நண்பகல் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் நேரடியாகப் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். காலை முதல் மாலை வரை கூரைக்குக் கீழே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும், குறுகிய சந்துகளில் வெளிச்சம் நுழையாத வீட்டில் இருக்கும் முதியவருக்கும் அந்த வெயில் எட்டுவதில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் பங்கு இதைவிடப் பெரியது. அது ஓபிஜியைக் கூட்டுகிறது, ராங்க்-எல்லையும் அழற்சிக் காரணிகளையும் கட்டுப்படுத்துகிறது, கரைப்புச் செல்கள் உரிய காலத்தில் மடியவும் செய்கிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, இந்த மூன்று காப்புகளும் ஒருங்கே தளர்ந்துவிடுவதால், தொடக்கச் சில ஆண்டுகளில் எலும்பு இழப்பு விரைவாக நடக்கிறது. வலி எதுவும் தோன்றாது. மணிக்கட்டோ இடுப்போ முறிந்து, ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கோ அல்லது தெரு முனையில் புத்தூர் கட்டு போடுபவரிடமோ போகும் நாளில்தான் பலருக்கும் தெரிய வருகிறது. கட்டு எலும்பை ஒட்ட வைக்க உதவலாம். லேசாக விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்விக்கு அடர்த்திப் பரிசோதனைதான் விடை சொல்லும். அறுபதைக் கடந்த பெண்ணுக்கு நின்ற நிலையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தாரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு ராங்க்-எல்லை உயர்த்தி ஓபிஜியைத் தாழ்த்துகிறது. கட்டுமானச் செல்களையும் குறைக்கிறது. கரைப்பும் மிகுந்து கட்டுமானமும் தளர்வதால் எலும்பு இருபுறமும் நலிகிறது. ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆனால் மூட்டு வலிக்கென்று சீட்டு இல்லாமல் மாத்திரையோ பெயரில்லாத பொடியோ வாங்கி மாதக்கணக்கில் தின்பவர்கள், எலும்பைக் கரைக்கும் உத்தரவையும் அறியாமலே சேர்த்து விழுங்கக்கூடும்.

நோய்களில் இதே பாதை எவ்வாறு கைமாறுகிறது என்பதற்கு முடக்குவாதம் தெளிவான எடுத்துக்காட்டு. வீங்கிய மூட்டுச் சவ்வின் செல்களும், அங்கே குவிந்த டி செல்களும் தாமே ராங்க்-எல்லை உற்பத்தி செய்கின்றன. டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-17 போன்ற அழற்சிக் காரணிகள் அதை மேலும் கூட்டுகின்றன. கட்டுமானக் குடும்பத்தின் விகிதக் கணக்கு அங்கே செல்லுபடியாவதில்லை. ஈறு நோயில் பாக்டீரியாவுக்கு எதிராகத் திரளும் செல்கள் இதையே செய்கின்றன. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுச் செல்கள், பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தைச் சுரந்து கட்டுமானச் செல்களை ராங்க்-எல் உற்பத்தி செய்ய வைக்கின்றன. எலும்பு கரையும்போது அதில் அடைபட்டிருந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி விடுபட்டு, புற்றுச் செல்களை அந்தப் புரதத்தை இன்னும் அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது.

பாதை தெரிந்ததால் மருந்தும் கிடைத்தது. பாதையைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே புழக்கத்துக்கு வந்தவை பிஸ்பாஸ்போனேட் மருந்துகள். அலெண்ட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம் ஆகியவை இவ்வகை. இவை எலும்பின் தாதுவில் ஒட்டிக்கொண்டு, கரைப்புச் செல் எலும்பைக் கரைக்கும்போது அதற்குள் நுழைந்து, செல்லின் சவ்வில் பதிய வேண்டிய சிறு சமிக்ஞைப் புரதங்களைப் பதியவிடாமல் செய்கின்றன. செல் தன் மடிப்புகளை இழந்து மடிகிறது. அலெண்ட்ரோனேட் மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்வது உணவுக்குழாய் புண்ணாகாமல் இருப்பதற்காக. வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும்; உணவோடோ டீயோடோ விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

ராங்க்-எல்லையே நேரடியாகப் பற்றும் டெனோசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓபிஜி இயற்கையில் செய்யும் வேலையை இது செய்கிறது. 60 மில்லிகிராம் ஊசியை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட்டால், உத்தரவு சேராததால் புதிய கரைப்புச் செல்கள் உருவாவதில்லை, இருப்பவையும் நீடிப்பதில்லை. கதெப்சின்-கே நொதியைத் தடுக்கும் ஓடனகாடிப் என்ற மருந்தும் நம்பிக்கை தந்தது; பக்கவாத அபாயம் தெரிய வந்ததால் 2016-இல் அது கைவிடப்பட்டது. பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் இரண்டிலும் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும் பக்கவிளைவு உண்டு என்பதால், பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இடையில் பல் மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்த மருந்தைப் பற்றித் தவறாமல் சொல்ல வேண்டும்.

இவ்விரு மருந்துகளுக்கும் உள்ள வேறுபாட்டை, உத்தரவு வழியைப் புரிந்துகொண்டவர் எளிதில் அறிவார். பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே தங்கிவிடுவதால், நிறுத்திய பிறகும் அதன் பயன் சில காலம் நீடிக்கும். டெனோசுமாப் எலும்பில் தங்குவதில்லை. அது ராங்க்-எல்லைப் பற்றி வைத்திருந்த காலத்தில், முன்னோடிச் செல்கள் அழியாமல் உத்தரவு இல்லாத நிலையில் காத்திருக்கின்றன. ஊசியின் பலன் தீர்ந்ததும் ராங்க்-எல் தடையின்றி அவற்றை எட்ட, ஏராளமான கரைப்புச் செல்கள் ஒரே சமயத்தில் உருவாகி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அடர்த்தியை மாதக்கணக்கில் கரைத்துவிடுகின்றன. ஊசியை நிறுத்திய சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை அடுத்தடுத்து நசுங்கியிருக்கின்றன. இதனால்தான், டெனோசுமாப்பை நிறுத்த நேரும்போது மருத்துவர்கள் அதைத் தொடர்ந்து சோலட்ரோனிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட் ஒன்றைத் தருகிறார்கள். ஊருக்குப் போனதாலோ, பணம் புரளாததாலோ, வலி இல்லை என்பதாலோ அடுத்த ஊசியைத் தள்ளிப் போட நினைப்பவர்கள், தேதி தவறும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.